சந்தனம் பூசின ஃபில்டர்

பொரிகடலை காத்துக்கிட்டிருக்கு, தெரியும்... பூஜைக்கு முன்னாடி ஒரு குட்டிக் கதை மட்டும் சொல்லிடறேன். மீன் வளர்க்கிறவங்க கூடியிருக்கீங்க, அதனால மீன் கதை!

கொளத்தூர்ல பவளக்கொடின்னு ஒரு அம்மா. மாடியில டிஸ்கஸ் மீன் வளர்க்கிறாங்க. தட்டு மாதிரி வட்டமா, அப்படி ஒரு அழகு! ஆனா ராஜ வீட்டுப் பிள்ளை. உப்பு எடுத்த தண்ணியிலதான் அதோட முட்டை பொரிக்கும். அதுக்குன்னே சுவர்ல ஒரு ஆர்.ஓ. ஃபில்டர் மாட்டியிருந்தாங்க.

ஆரம்பத்துல நல்லாப் பொரிச்சுது. அப்புறம்... ஒண்ணுமே இல்ல. ஜோடி முட்டை வைக்கும். அந்த அம்மா தொட்டி பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க. மறுநாள் பாத்தா அத்தனையும் வெள்ளையா செத்துக் கிடக்கும். அழுதிடுவாங்க.

வீட்டுக்காரர் தணிகாசலம் என்ன சொன்னார்? "மீனு சரியில்ல பவளம்!" ஜோடியை மாத்தினார். மறுபடி வெள்ளை முட்டை! "கண்ணு பட்டிருக்கு!" பூசணிக்காய் கட்டினார். மறுபடி வெள்ளை முட்டை! கடைசியில, "இந்த ஜோடியும் பொரிக்கலைன்னா தொட்டியெல்லாம் எடுத்துடுவோம்"னுட்டார். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!

ஆயுத பூஜை வந்துது. நம்ம வழக்கம் என்ன? அருவாமனை முதல் ஸ்கூட்டர் வரைக்கும் சந்தனம், குங்குமம்! தணிகாசலம் ஃபில்டரையும் விட்டதில்ல. உள்ள இருக்கிறது தெரியணும்னுதானய்யா ஃபில்டர்ல பஞ்சு இருக்கிற கிண்ணத்தைக் கண்ணாடி மாதிரி செஞ்சிருக்கான்? இவர் அதுமேலயே பட்டை பட்டையா பூசுவார். போன வருஷச் சந்தனத்து மேல இந்த வருஷச் சந்தனம்!

அன்னிக்கு பவளக்கொடி ஈரத்துணி எடுத்துப் பழைய சந்தனத்தைத் தேய்ச்சாங்க. தேய்க்கத் தேய்க்க... வெள்ளைப் பஞ்சு இருக்க வேண்டிய இடத்துல... சேறு!

"ஏங்க! இதைக் கடைசியா எப்பங்க திறந்தீங்க?"

"திறக்கிறதா? அதான் வருஷா வருஷம் பூஜை போடறேனே!"

சிரிக்கிறீங்க... சிரிங்க. பஞ்சு அடைச்சு, கரி வீணாகி, உப்பைத் தடுக்கிற சவ்வும் கெட்டு, போர் தண்ணி அப்படியே தொட்டிக்குப் போயிருக்கு. மீன் என்னய்யா பண்ணும்?

அந்த அம்மா முந்தானையைச் செருகினாங்க. மூடியைத் திருகினாங்க. பஞ்சு, கரி, சவ்வு எல்லாத்தையும் புதுசா மாத்தினாங்க. உப்பை அளந்து பாத்துட்டுதான் தண்ணியைத் தொட்டியில விட்டாங்க.

கடைசி ஜோடி முட்டை வெச்சுது. மறுநாள்... வெள்ளை இல்ல! அதுக்கும் மறுநாள்... வால் துடிக்குது! அப்புறம் ஒரு காலையில, "ஏங்க! ஓடி வாங்க!"ன்னு ஒரு சத்தம். தாய் மீன் உடம்பு பூரா குஞ்சு! டிஸ்கஸ் தன் தோல்ல ஊறுறதையே குஞ்சுக்கு ஊட்டும், உங்களுக்குத் தெரியாததா? அந்த அம்மா மறுபடி அழுதாங்க... இந்தத் தடவை சந்தோஷத்துல! தணிகாசலம்? சத்தமில்லாம ஸ்டூல் போட்டு ஏறி, பூசணிக்காயை அவுத்துட்டார்!

அம்மா, அய்யா... சந்தனம் தப்பில்ல. ஆனா எதைப் பாக்கணுமோ அதை மறைக்கிற சந்தனம் தப்பு! வீட்டுல பெரியவங்களுக்கு மாலை போடறோம்... எங்கே வலிக்குதுன்னு கேட்டோமா? பிள்ளைக்குக் கயிறு கட்டறோம்... அவன் மனசுல என்ன அடைச்சிருக்குன்னு பாத்தோமா? விளங்கலைன்னா மட்டும் மீனைக் குத்தம் சொல்றோம்!

இப்போ பூஜை. பொட்டு வைங்க, தாராளமா வைங்க. ஆனா அதுக்கு முன்னாடி... மூடியைத் திறங்க!