தேடலில் வந்த இரண்டாவது இடம்

மாலைக் கணினி வகுப்புக்கு நான் ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை. அன்று என்ன கற்றேன், எங்கே தவறினேன் என்று தேதி போட்டு நோட்டில் எழுதிவைப்பதும் பழக்கம். அந்த நோட்டு இப்போது விசாரணைக்காக உங்கள் மேசையில் இருக்கிறது. என் கையெழுத்து சில இடங்களில் எனக்கே புரியாது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அக்கா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினாள். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். போன வருடம் அவளுக்குத் தலையில் அடிபட்டது. வலது கை சொன்னபடி கேட்காமல் போயிற்று. மருத்துவமனையில் பயிற்சிக்காக ஒரு கணினி விளையாட்டைக் கொடுத்தார்கள். திரையில் விழும் பந்துகளை முதலில் வலது கையால், பிறகு இடது கையால் பிடிக்க வேண்டும். இரண்டு கைகளுக்கும் தனித்தனி மதிப்பெண். அது தானாக மருத்துவருக்குப் போய்விடும். வலது கை எழுபதைத் தொட்டால் வேலைக்குத் திரும்பலாம் என்று அவர் சொல்லியிருந்தார். இரண்டே மாதத்தில் அக்கா அறுபத்திரண்டுக்கு வந்துவிட்டாள். வேறு ஊர்த் துறைமுகத்தில் அவளுக்கு இடமும் தயாராக இருந்தது.

அவள் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் பரீட்சை முடியும்வரை இருந்தால் போதும் என்று நினைத்தேன். ஆறு வாரம். அடிபடுவதற்கு முன்பெல்லாம் நான் ஒரு பல்பு மாற்றினால்கூட அவள் ஏணி போட்டு ஏறி மறுபடி திருகிப் பார்ப்பாள். அடிபட்ட பிறகுதான் என்னிடம் எதையாவது கேட்கத் தொடங்கினாள்: சட்டைப் பொத்தான், தலைமுடி, இறுகிப்போன ஜாடி மூடி. நான் அவற்றை ஒழுங்காகச் செய்தேன் என்றுதான் நம்புகிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டின் நினைவகத்தைத் துழாவும் மென்பொருளை வகுப்பில் காட்டினார்கள். மதிப்பெண் இருக்கும் இடம் ஒவ்வொரு முறையும் மாறும். ஆனால் வலது கையின் மதிப்பெண்ணைக் கூட்டும் கட்டளையின் பைட்டுகள், அதாவது அந்தக் கட்டளையைக் குறிக்கும் எண்கள், ஒரே வரிசையில் இருக்கும். அந்த வரிசையைத் தேடிப் பிடித்து மாற்றிவிட்டால், நான்கில் ஒரு பந்தை எண்ணாமல் விடச் செய்யலாம்.

முதல் தேடலில் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் என் அறிவின் மீதே சந்தேகமாக இருந்தது. கணினி பெரிய எண்ணின் கடைசி பைட்டைத்தான் முதலில் வைக்கும். நான் நேராக எழுதியிருந்தேன். திருப்பி எழுதியதும் சரியாக ஒரே ஒரு இடம் வந்தது. மறுநாள் அக்காவின் வலது கை நாற்பத்தெட்டு.

மூன்றாவது வாரம் விளையாட்டின் புதிய பதிப்பு வந்தது. பழைய வரிசை எங்கும் கிடைக்கவில்லை. மாறியிருக்கக்கூடிய பைட்டுகளுக்குப் பதிலாகக் கேள்விக்குறி போடலாம்; அங்கே எது இருந்தாலும் பரவாயில்லை என்று பொருள். முன்பு மூன்று போட்டிருந்தேன். இப்போது ஏழு போட்டேன். கிடைத்தது.

ஆசிரியர் எங்களை எச்சரித்திருந்தார். "கேள்விக்குறி அதிகமாச்சுன்னா கண்டவனெல்லாம் சொந்தக்காரன்னு வந்து நிப்பான். ஒண்ணுக்கு மேல வந்தா கைய வைக்காதீங்கப்பா." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

அந்த வாரம் அக்கா என்னைக் கணினி முன்னால் கூப்பிட்டாள்.

"டேய் புரொபசர், இங்க வா. நல்ல கையும் ரிவர்ஸ்ல போகுதுடா."

தொண்ணூற்றைந்தில் இருந்த இடது கை எழுபத்தொன்று காட்டியது.

"தூக்கம் சரியில்லக்கா. அதான்."

"பந்து பட்ட மாதிரிதான் எனக்குத் தோணுது. மெஷின் இல்லங்குது. மெஷின் பொய் சொல்லுமா?"

"சொல்லாதுக்கா."

அதற்குப் பிறகு அவள் இடது கையால் தம்ளரை எடுக்கவும் யோசித்தாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அவள் தலைக்குள் ஒரு பழைய ரத்தக்கட்டு இருந்தது. ஆபத்தான இடம், தொட வேண்டாம் என்றுதான் மருத்துவர் விட்டுவைத்திருந்தார். இரண்டு கைகளும் சேர்ந்து இறங்குவதைப் பார்த்ததும் அவருக்குக் கவலை வந்தது. அக்காவைக் கூப்பிட்டு விரலை இறுகப் பிடிக்கச் சொன்னார். அவள் பயந்துபோயிருந்தாள், பிடி சரியாக விழவில்லை. அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்று முடிவு செய்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன்னிடம் வந்த எண்களைத்தான் அவர் நம்பினார்.

நீங்கள் சிவப்பு மையால் கோடிட்ட வரிக்கு வருகிறேன். "முடிவு: 2 இடங்கள். இரண்டாவது, இடது கை. காரணம் கேள்விக்குறிகள். பரீட்சைக்குப் பின் திருத்தவும்." அதன் தேதி அறுவைக்குப் பதினோரு நாள் முந்தையது. ஆம், எனக்குத் தெரியும். தவறுதலாக நடந்தது என்று நேற்று நான் சொன்னது முதல் நாளுக்கு மட்டும் பொருந்தும்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை. செவிலியர் வேறு பேனா தேடி எடுத்து வந்தார். அந்த இடைவெளியில் சொல்லியிருக்கலாம். ஆனால் பைட்டு வரிசை என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எல்லோரும் அவசரத்தில் இருந்தார்கள். கையெழுத்துப் போட்டேன். அக்காவைத் தள்ளிக்கொண்டு போகும்போது, "பரீட்சைக்குப் படிடா" என்றாள். அவள் பேசியது அதுதான் கடைசி.

நான்கு மணி நேரம் ஆயிற்று. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கணினியை வைத்துக்கொண்டு, கேள்விக்குறிகளை ஒவ்வொன்றாகக் குறைத்தேன். மருத்துவர் வெளியே வந்து, பேச்சு திரும்புமா என்று சொல்ல முடியாது, இரண்டு கைகளும் அசையவில்லை என்றபோது ஏழு கேள்விக்குறி இரண்டாகியிருந்தது.

இப்போது தேடினால் ஒரே ஒரு இடம்தான் வருகிறது, வலது கை. பலமுறை சோதித்துவிட்டேன். அக்கா வீட்டுக்கு வந்ததும் பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதனால் நீங்கள் எடுத்துவைத்திருக்கும் அந்தக் கணினியை மட்டும் சீக்கிரம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவளைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் வேறு யாருமில்லை.