எல்லார் முகமும் அவள் முகம்

வாட்ஸ்அப் டிபி விஷயத்தில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு, ஐயா. வாயைத் திறந்து சொல்ல முடியாததை மனிதர்கள் அந்தச் சின்ன வட்டத்தில் ஒட்டிவைத்துவிடுவார்கள். என் அண்ணி ரோஜாப்பூ வைத்திருந்தார். படத்தில் தன் முகம் நன்றாக விழாது என்று அவருக்கு ஒரு குறை. எங்கள் மேஸ்திரி யாருடையதோ ஒரு சிவப்புக் காரில் சாய்ந்து நிற்பார். என் மனைவி எங்கள் கல்யாணப் படத்தை வைத்திருந்தாள். அதில் என் தோள் மட்டும் இருக்கும். "நீங்க அன்னைக்கு உம்முன்னு நின்னீங்க, அதான் வெட்டிட்டேன்" என்பாள். சரி, அதிலும் நியாயம் இருக்கிறது.

போனில் பெயரைப் படித்துத் தேடும் வழக்கம் எனக்கில்லை. ரோஜாவைத் தொட்டால் அண்ணி, காரைத் தொட்டால் மேஸ்திரி. கண்ணாடி போடச் சோம்பல்தான், வேறொன்றுமில்லை.

அண்ணன் டிபியே வைக்காதவர். "வேலையப் பாருடா, மூஞ்சிய அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். நாற்காலி, மேசை வாடகைக்கு விடுவது அவர் தொழில். நான் அவர் நிழலில் பிழைப்பவன். கிடங்கும் அவருடையது, நாங்கள் குடியிருக்கும் மாடியும் அவருடையது. எனக்கு வலிப்பு வர ஆரம்பித்த பிறகு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "வண்டிய மட்டும் தொடாத. தொட்டேன்னு தெரிஞ்சா மூட்டை முடிச்சோட கிளம்பிடு." சொன்னால் சொன்னதுதான் அவருக்கு.

அவர் மகள் காணாமல் போனபோதுதான் முதல்முறையாக டிபி வைத்தார். ஐந்தாம் வகுப்புப் படித்தாள். வாண்டு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். முன்பல் விழுந்த இடம் தெரியச் சிரிக்கிற படம். குடும்பக் குழுவில் அண்ணன் பேசி அனுப்பினார்: "எல்லாரும் இதையே வைங்க. அவ கிடைக்கிற வரைக்கும் யாரும் மாத்தக் கூடாது." அண்ணி ரோஜாவை எடுத்துவிட்டு வைத்தார். மேஸ்திரியும் வைத்தார். தெருமுனை டெய்லர், லோடு ஏற்றுகிறவர்கள், அவளுடைய டீச்சர் என்று ஒருவர் பாக்கியில்லை. நானும் வைத்தேன். வைக்காமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்?

அதன் அவஸ்தை உங்களுக்குத் தெரியாது. போனைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை அவள். "வரும்போது பால் வாங்கிட்டு வாங்க" என்கிறாள். "நாளைக்கு வட்ட மேசை கிடைக்குமா?" என்கிறாள். "சாப்பிட்டியாடா?" என்று என்னை அக்கறையாக விசாரிக்கிறாள். நான் அனுப்பும் பதிலும் அவள் முகத்தோடுதான் போய்ச் சேர்கிறது. எனக்குப் பயமாக இருந்தது, ஐயா. மறைத்து என்ன ஆகப்போகிறது. போதாக்குறைக்கு அந்தப் படத்தை எடுத்தவனே நான்தான். ஒற்றைக் கண்ணை மூடி, நாக்கைத் துருத்தி அவளைச் சிரிக்கவைத்து எடுத்தேன். அவள் பார்ப்பது யாரை என்று எனக்கு மட்டும் தெரியும்.

அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். "அண்ணா, பாக்கப் பாக்க உங்களுக்குத்தான் மனசு ஆறாது. மாத்திடுங்க." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ மேல உனக்கு உசுருன்னு எனக்குத் தெரியாதாடா," என்றார்.

அது பொய்யில்லை. அவளைத் தேடி என் அளவுக்கு அலைந்தவர் யாருமில்லை; ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியதும் நான்தான்.

பிறகு மழை வந்தது. கிடங்கின் புதுத் தரை ஒரு மூலையில் உள்வாங்கிவிட்டது. தரை போட்டபோது அந்த மூலையை மட்டும் மேஸ்திரி வருவதற்குள் நானே கலவை கொட்டி மூடியிருந்தேன். "என்ன தம்பி, என் பொழப்புல மண்ணப் போடுறீங்க" என்று அன்றைக்கே கேலி செய்தார். அவசரத்தில் அடிமண்ணை இடித்துக் கெட்டியாக்கவில்லை, அது என் தப்பு. உடைத்துப் புதிதாகப் போட வேண்டும் என்றார் அண்ணன். எப்போது ஆரம்பிக்கலாம் என்று மேஸ்திரி எனக்குச் செய்தி அனுப்பினார்.

பதிலை வாயால் பேசியே அனுப்பினேன். "மேஸ்திரி, அந்த மூலைய உடைக்காதீங்க. கீழ தோண்டவே வேண்டாம். மேலாக்க பூசி மட்டம் பண்ணிடுங்க. உங்களுக்குத் தனியா கவனிச்சுக்கறேன். அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்."

அதற்குள் அண்ணனிடமிருந்து "சாப்பிட்டியாடா?" வந்து மேலே உட்கார்ந்திருந்தது. மேலே இருந்த முகத்தைத்தான் நான் தொட்டிருக்கிறேன். அந்தச் சிவப்புக் கார் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

அழிக்கப் போவதற்குள் கேட்டுவிட்டார். இரண்டு நீலக் கோடும் விழுந்தது. கீழே அண்ணன் வீட்டுக் கதவு திறந்தது. வீட்டுக்குப் பின்தெருவில்தான் கிடங்கு. கடப்பாரைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஓடியிருக்கலாம்தான். ஓடவில்லை. சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் அண்ணியின் குரல் கேட்டது. அதைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அண்ணனுடைய வட்டத்தில் அவள் முகம் போய்ச் சாம்பல் நிறமானது. பிறகு அண்ணியுடையது. பிறகு மேஸ்திரி, டெய்லர், டீச்சர், கடைசியில் என் மனைவி. ஒவ்வொரு வீட்டிலும் விளக்கை அணைத்துக்கொண்டு வருவது போல இருந்தது. என்னுடையதில் மட்டும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் காணாமல் போன அன்றைக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். லோடு வண்டியை நான் ரோட்டுக்கு எடுக்கவில்லை. கிடங்கு வாசலுக்குள்ளேயே பின்னால் எடுத்தேன், அவ்வளவுதான். வலிப்பும் வரவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் சொல்லாமல் சைக்கிளில் வந்திருந்தாள். அடிபட்டும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். ஆஸ்பத்திரி தெருக்கோடியில்தான் இருக்கிறது, தெரியும். ஆனால் அங்கே போனால் எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள். அண்ணன் கேட்பார். நானும் என் மனைவியும் எங்கே போவோம்? வண்டி எடுத்ததற்கு என்ன காரணம் சொல்லலாம் என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அவளைத் தனியாக விடவில்லை, ஐயா. தலையை மடியில் வைத்துக்கொண்டேன், தண்ணீர் கொடுத்தேன். பேச்சு நிற்கும்வரை நகரவே இல்லை. தரைக்காகத் தோண்டிய பள்ளம் பக்கத்திலேயே இருந்தது. சைக்கிளையும் அதிலேயே வைத்தேன்.

மூச்சு நின்றுவிட்டதா என்று பார்த்தாயா என்கிறீர்கள். இருட்டிவிட்டது, ஐயா.

என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நீங்கள் நினைக்கலாம். அவள் அப்படி நினைக்கவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "சித்தப்பா, நான் தனியா சைக்கிள்ல வந்தேன்னு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். குழந்தைக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறவன் நான் இல்லை. இன்றுவரை அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை.