ஒண்ணு கிடைச்சதும்

அக்கா: அங்க இல்லடா தம்பி, கால்மாட்டுல பாரு. சிவப்புக் கல் தோடு.

தம்பி: போர்வை முழுக்கச் சிவப்புப் பூ. இதை விரிச்சவனை ஜெயில்ல போடணும்.

அக்கா: விரிச்சது நீதான்.

தம்பி: சரி, அவனுக்கு மன்னிப்பு. நான் யாருக்கா? முப்பது வருஷம் எக்ஸ்ரே பார்த்த டாக்டர். எவனாவது கொசுவை முழுங்கிட்டு வந்தா, அது ஆணா பெண்ணான்னே சொல்லிடுவேன்.

அக்கா: ரிட்டயரானதும் புளுகு ரெண்டு மடங்காயிடுச்சு... அலமாரியில கண்ணெதிர நிக்கிற உப்பு ஜாடி மட்டும் உனக்குத் தெரியாது. இரு, இந்த இருமல்...

தம்பி: மெதுவா. தண்ணி குடி... கண்ணு ஜாடியைப் பார்த்துடும்க்கா. மூளைதான் ‘இதுவும் சுவரு’ன்னு தள்ளி விட்டுடும். இந்தா, மின்னுது பாரு. ஆப்டுச்சு.

அக்கா: அது ஊக்குடா.

தம்பி: ஏதோ ஒண்ணு கிடைச்சுதுல்ல?

அக்கா: அதோட உக்காந்துட்டியே. அப்போ தோடு?

தம்பி: தோடு இருக்கட்டும்க்கா. ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்டூல்லேர்ந்து விழுந்தியே...

அக்கா: விலா எலும்பு ஒடிஞ்சுது. ‘ஸ்டூலுக்கு ஒண்ணும் ஆகலை’ன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சே.

தம்பி: படத்துல அந்த முறிவு பளிச்சுன்னு தெரிஞ்சுது. கிடைச்சுட்டுதுன்னு கீழ வெச்சுட்டேன். நேத்து திரும்பப் பார்த்தேன்க்கா. முறிவுக்கு ரெண்டு விரக்கடை மேல... மிளகளவு ஒரு புள்ளி. அப்பவே இருந்திருக்கு.

அக்கா: ம்.

தம்பி: அப்பவே வெட்டி எடுத்திருக்கலாம். இப்ப நுரையீரல் பூரா... நான்தான்க்கா கோட்டை விட்டேன். திட்டு. ரெண்டு அறை விடு.

அக்கா: நேத்து எந்தப் படத்தைப் பார்த்தே?

தம்பி: பீரோவைக் குடைஞ்சேன், வீட்டுப் படம் கிடைக்கலை. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல தேடச் சொன்னேன். நாலு மணி நேரம் ஆச்சு.

அக்கா: பீரோவுல எப்படிடா இருக்கும்? போன மாசமே புது டாக்டர் அதை வெளிச்சத்துல பிடிச்சு, அந்தப் புள்ளியை எனக்குக் காட்டிட்டாரு. வீட்டுக்கு வந்ததும் கத்திரியால நறுக்கிக் குப்பையில போட்டேன்.

தம்பி: ஏன்க்கா?

அக்கா: நான் போனப்புறமும் உன் கண்ணுல பட்டுடக் கூடாதேன்னுதான்... ஆயுசுல இந்த ஒண்ணைத்தான் நீ கடைசி வரைக்கும் விடாம தேடியிருக்கே, பாவி.