பிச்சைமுத்து அண்ணன் ஏந்திவரும் மடல்

தளர்ந்த தசைகளைத் தாயெனத் தாங்கிய தகைமையே! இயன்முறைச் சிகிச்சைப் பிரிவின் இன்முகமே! ஈப்போ மண்ணின் இனிய திருமகளே! பணிநிறைவு காணும் திருமதி சுபாஷினி அம்மையீர், வணக்கம்.

கால் நூற்றாண்டுக்கும் மேலான உங்கள் தொண்டுகளை அடுக்கத் தொடங்கினால் விருந்து ஆறிவிடும். ஆகவே ஒரே ஒருவரின் கதையை, அவர் சம்மதத்தோடு சொல்கிறோம்.

பீடோர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து ஈப்போவில் லாரி ஓட்டிய பிச்சைமுத்து அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது பாதம் தொங்கிவிட்டது. குடியிருப்பதோ மின்தூக்கி இல்லாத அடுக்குமாடியின் மூன்றாம் மாடி. சிகிச்சைக்கு வரும் நாளெல்லாம் அண்டை வீட்டார் அவரை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். ஊர்ச் சுமையெல்லாம் ஏற்றிப் போனவருக்கு அது பெருத்த அவமானம். தன் காலால் படியேற வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

முழங்காலுக்கு அருகே ஓடும் நரம்பின்மேல் மின்பட்டை ஒட்டி, ஒரு சிறு இயந்திரத்தால் வீட்டிலேயே தினமும் மணிக்கணக்கில் மெல்லிய தூண்டல் கொடுக்கச் சொன்னீர்கள். முதல் நாள் பாதம் வெடுக்கென்று எழுந்தது. அண்ணன் ஒரு குவளை தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், குடித்து முடிப்பதற்குள் ஓய்ந்தும் போனது. வாரங்கள் போகப் போக அந்த வெடுக்கும் மங்கி, பாதம் ஆடி அசைந்து எழுந்தது. இருந்த காலையும் கெடுத்துவிட்டார்கள் என்று அண்ணன் கொதித்துப்போனார். இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்; மேலிடத்தில் உங்கள்மீது புகாரும் கொடுத்தார்.

நீங்கள் முகம் சுளிக்கவில்லை. மின்பட்டையை மறுபடி ஒட்டி, அவர் கையில் தே ஓவைக் கொடுத்தீர்கள். அவர் ஆற அமரக் குடித்து முடித்த பிறகும் பாதம் சளைக்காமல் எழுந்து தாழ்ந்தது.

“முன்ன இந்தச் சதை சர்க்கரைய அவசரமா எரிச்சிட்டுக் களைச்சிரும்ணே. இப்ப ரத்தக்குழாய் கூடியிருக்கு, ஆக்சிஜன் எடுத்து நிதானமா எரிக்கப் பழகிருச்சு. வேகம் போச்சுதான்லா. படியேற வேகமா வேணும்?” என்றீர்கள்.

அண்ணன் புகாரை மீட்டுக்கொள்ளாமல் இயந்திரத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார். தூண்டல் நின்றால் தசை பழைய பழக்கத்துக்கே போய்விடும் என்று எச்சரித்து, நடையையும் சேர்த்துப் பழக்கினீர்கள். நாற்காலிக்கு வேலையில்லாமல் போனது.

இந்த விழா மண்டபமும் மூன்றாம் மாடியில்தான். சட்டமிட்ட மடலை மின்தூக்கியில் கொண்டுவரலாம் என்றோம். அண்ணன் கேட்கவில்லை, தானே ஏந்திப் படியேறி வருவதாகப் பிடிவாதம். சொன்னபடி வந்திருந்தால், இது இப்போது அவர் கையில்தான் இருக்கும். உங்களிடம் தரும்போது சொல்ல ஒரு வாக்கியமும் வைத்திருக்கிறார்:

“அந்தப் புகார மீட்டுக்கிறேன்மா.”

அவர் ஏறிவரும் அதே நிதானத்தோடு, நோயின்றி, தளர்வின்றி நெடுங்காலம் வாழுங்கள், அம்மையீர்.

என்றும் உங்கள் அன்பில்,
இயன்முறைச் சிகிச்சைப் பிரிவுப் பணியாளர்கள்,
ஈப்போ, பேராக்.