கருவேலங்காட்டு வளைவு

சீமைக்கருவேலத்தை எல்லாரும் திட்டுகிறார்கள். எனக்கு அதன்மேல் ஒரு குறையும் கிடையாது, இன்ஸ்பெக்டர் சார்.

பாலவனத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு வளைவு. இரண்டு பக்கமும் கருவேலம் மூடிக் கிடக்கும். எதிரே வரும் வண்டி தெரியாது. அதற்காகத்தான் எங்கள் கல்லூரியில் அந்த ஆராய்ச்சி. வண்டியும் வண்டியும் கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும். எதிரே வண்டி வந்தால் பீப் அடிக்கும். முதலில் கம்ப்யூட்டரில் அதே சாலையை வரைந்து, வண்டிகளைப் புள்ளிகளாக ஓடவிட்டுப் பார்ப்போம். அதைச் செய்தவன் காசிராஜன். மரம் சிக்னலை எவ்வளவு தின்கிறது என்று ஒரு மாதம் முள்ளுக்குள் நின்று அளந்தவன் நான். மாலை விழுந்தது அவன் கழுத்தில். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பதற்கில்லை.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். எங்களோடு வேலை பார்த்த சுகந்தி முன்பெல்லாம் என் டிபன் பாக்ஸைத்தான் உரிமையோடு திறப்பாள். தை மாதம் அவளுக்கும் அவனுக்கும் நிச்சயமானது.

மரம் தின்பது இவ்வளவுதான் என்று, அளந்ததில் பாதியை எழுதிக் கொடுத்தேன். அந்த எண்ணில் நூறு தடவை ஓட்டியும் புள்ளிகள் மோதாமல் நின்றன. உண்மை எண்ணைப் போட்டு நான் தனியாக ஓட்டிப் பார்த்தேன். எழுபத்தெட்டுத் தடவை மோதின. "இன்னொருக்கா அளந்துருவமா?" என்று காசிராஜனிடம் நானேதான் கேட்டேன். "ஏலே, நீ அளந்தா சரியாத்தாம்ல இருக்கும்" என்றான்.

அப்புறம் அந்த வளைவிலேயே நிஜ வண்டிகளை வைத்துச் சோதனை; காரை ஓட்டியவன் காசிராஜன். பீப் கேட்ட பிறகுதான் பிரேக் பிடிக்க வேண்டும். சோதனையின் விதி அது. சுகந்தி என்னோடு சாலையோரம் நின்று குறிப்பெடுப்பதாக ஏற்பாடு. எதிர்ப்பக்கம் சோதனைக்கான லோடு வண்டி கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது. நிறுத்தச் சொல்லத்தான் வாயெடுத்தேன், சார். அப்போது அவள், "நான் இவுக கூடப் போறேன்" என்று முன்சீட்டில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. நான்தான் சாத்திவிட்டேன்.

பீப் அடித்தபோது நடுவே இருபது அடி இருந்திருக்கும். லோடு வண்டி டிரைவருக்குக் காலோடு போயிற்று. காசிராஜன் அங்கேயே முடிந்துபோனான்.

சுகந்தி மதுரை ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாள். பத்து நாளாகக் கூடவே இருக்கிறேன். கையெழுத்து எங்கே வேண்டுமோ போடுகிறேன்; சீக்கிரம் அனுப்பிவிட்டால் நல்லது. அவள் கண் திறக்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும், சார். இனிமேல் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?