மகனுக்காக ஒரு நெருப்புப்பெட்டி

மன்னாருக்குப் போகும் பஸ்ஸில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். எருக்கலம்பிட்டியில் ஏறிய வயதான உம்மா ஒருவர் எனக்கு முன்சீற்றில், தன் மைனிக்குப் பக்கத்தில் இருந்தார். அவர் சொன்னதைக் கேட்டுச் செபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

"நெருப்புப்பெட்டி வாங்க மன்னாருக்குப் போறன், மைனி."

"ஏன், ஊர்க் கடையில முடிஞ்சிட்டுதா?"

"அது கிடக்கு. போனை வைச்சுக் காசு குடுக்கிற மெஷின்தான் இண்டைக்கு வேலை செய்யேல்ல. மகன் தன்ர பேங்க் கார்டை இந்தப் போனில போட்டுத் தந்திருக்கிறான். நான் இதை மெஷினில வைச்சாக் கட்டாரில அவன்ர போன் சத்தம் போடும்."

"சுகமா இருக்கிறன் எண்டு போன் எடுத்துச் சொல்லலாமே?"

"காய்ச்சலில கிடந்துகொண்டும் அப்பிடித்தானே சொன்னனான்! இப்ப என்ர வாயை நம்புறானில்ல. கடைக்கு நடந்தாத்தான் நம்புவான்."

"அப்ப வீடு நிறைய நெருப்புப்பெட்டிதான்!"

"ஊருக்கே அடுப்பு மூட்டலாம், அல்ஹம்துலில்லாஹ்."

கண்டக்டர் டிக்கெட் மெஷினுடன் வந்தார்.

"இதுக்கும் போனால குடுக்க ஏலுமா, தம்பி?"

"ஓம் உம்மா, வையுங்கோ."

வைத்தார். மெஷின் கீச்சிட்டது. கொஞ்ச நேரத்தில் அவருடைய போன் அடித்தது. மகனின் பதறிய குரல் என் சீற்றுவரை கேட்டது.

"உம்மா! பஸ்ஸில எங்க போறீங்க? ஆஸ்பத்திரிக்கா?"

"இல்ல மகன், நெருப்புப்பெட்டி வாங்க."

மைனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மீதிச் செபமாலையை நான் அந்தப் பிள்ளைக்காகச் சொன்னேன்.