கம்பம் ஏறும் உத்தியோகம்

அச்சன்புதூரிலிருந்து தென்காசி போகும் பேருந்து. சாரலுக்குப் படுதாவை இறக்கிவிட்டிருந்தார்கள். ஒட்டுக்கேட்பதற்கு வசதியாக நான் ஒரு தடித்த புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன். முன் இருக்கையில் ஒரு தாயும், அவள் மகளுக்கு நாலாம் வகுப்பு எடுக்கும் டீச்சரும்.

"டீச்சர், எம்மவ தென்னமரத்துல ஏறுதா. கேட்டா, நீங்கதான் காரணம்ங்கா."

"நான் என்ன செஞ்சேன், மாரியம்மா? பெருசானா என்ன வேலைக்குப் போவீகன்னு வகுப்புல கேட்டேன். எல்லாம் டாக்டரு, கலெக்டருன்னுச்சு. இவ மட்டும் கரண்டு கம்பத்துல ஏறப் போறேன்னா."

நானும் அந்த வயதில் கலெக்டர் என்றவன்தான். நல்லவேளை, யாரும் பிறகு விசாரிக்கவில்லை.

"பொட்டப்புள்ள மரத்துல ஏறுனா ஊரு சிரிக்காதா? இந்த மாசத்தோட படிப்ப நிறுத்திருதேன்."

"ஏன் ஏறுதான்னு கேட்டியா?"

"கேக்கல."

"கம்பம் பெரிய தெருவோட நின்னுட்டாம். 'எங்கம்மா அரிக்கேன் வெளக்குல பீடி சுத்துதா. எங்க தெருவுக்கு நானே கம்பி இழுப்பேன்'னா."

இலத்தூர் தாண்டியதும் தாய் படுதாவை விலக்கி, வெளியே ஓடிய கம்பங்களைப் பார்த்தாள்.

"அந்த வேலைக்கு நெறையப் படிக்கணுமோ?"

"பெரிய பள்ளிக்கூடம் முடிக்கணும். ஆனா பொம்பளைகள அதுக்கு எடுக்கதில்ல."

"அவ வளரதுக்குள்ள எடுப்பாவ," என்றாள் தாய். "படிக்கட்டும் டீச்சர். மரத்துல ஏறும்போது, பாவாடைக்குள்ள அவ அண்ணன் டவுசரப் போட்டு விடுதேன்."